மேட்டில் ரௌட்டர், பள்ளத்தில் காட்டேஜ்: கீழே ஒரு ஸ்விட்ச் போடும் வேலை

குன்னூர், கோத்தகிரி பக்கம் ஹோம்ஸ்டே நடத்தும் இடங்களின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். சாலையை ஒட்டி மேட்டில் பழைய பங்களா. படியிறங்கினால் தேயிலைக்கு நடுவே இரண்டு மூன்று காட்டேஜ். அதற்கும் கீழே ஜீப் ஷெட்டோ வேலையாட்கள் இருக்கும் லயனோ. ஃபைபர் இணைப்பு மேட்டு வீட்டு வரவேற்பறையில் வந்து நிற்கும். காட்டேஜில் தங்கியவர் ஒரு வீடியோ காலுக்காகப் போனைத் தூக்கிக்கொண்டு படியேறி வருவார்.

உடனே எழும் யோசனை, நாலு ஆன்டெனா வைத்த பெரிய ரௌட்டர் வாங்கலாமா என்பது. பலன் குறைவு. ரௌட்டர் உரக்கப் பேசினாலும் போன் பதில் சொல்ல வேண்டுமே. போனின் ரேடியோ சின்னது; அதன் குரல் மேலே ஏறாது. பங்களாவின் கல் சுவர் ஒன்றரை அடியிலிருந்து இரண்டு அடி கனம். அதைத் தாண்டி வந்தால் தடுப்புச் சுவரும் மண்ணும். இன்னொன்று சமவெளியில் வராத சிக்கல்: மேலேயிருந்து பார்க்கும் ரௌட்டருக்குக் காட்டேஜ் தன் ஜன்னலைக் காட்டுவதில்லை, தகரக் கூரையைக் காட்டுகிறது. தகரத்தில் பட்ட சிக்னல் அப்படியே திரும்பிவிடும்.

"மிஸ்ட் இறங்கினால் வைஃபை போய்விடுகிறது" என்ற புகார் எல்லா இடத்திலும் உண்டு. மிஸ்ட் மேல் பழி போடுவது சரியில்லை. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளுக்கு இந்தத் தூரத்தில் பனிமூட்டம் ஒரு பொருட்டே இல்லை. நடுவே நிற்கும் சில்வர் ஓக்கின் ஈர இலைதான் சிக்னலைக் குடிக்கிறது, அதிலும் 5 கிகாஹெர்ட்ஸை நன்றாகவே குடிக்கும். வெயில் காலத்தில் போட்டுப் பார்த்து "வருது, வருது" என்று சொல்லிவிட்டுப் போன வேலை ஜூனில் படுத்துவிடுவதன் காரணம் இதுதான்.

ரிப்பீட்டர் போட்டால்? ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் கொடுக்கும் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் பாதியாகும். அதற்குக் கீழே இன்னொன்று போட்டால் பாதியில் பாதி. ஆகவே கம்பியைக் கீழே இறக்கி, அங்கே ஒரு ஸ்விட்ச் வைத்து, அதிலிருந்து காட்டேஜுக்கு ஒரு ஏபி, அதாவது ஆக்சஸ் பாயின்ட், கொடுப்பதே நிற்கும் வேலை. ஸ்விட்ச் சிக்னலைக் கூட்டும் பெட்டி இல்லை. மேலேயிருந்து வரும் ஒரு கம்பியைப் பல கம்பிகளாகப் பிரித்துக் கொடுக்கும், அவ்வளவே. ஆனால் மலையில் அந்தப் பெட்டி எங்கே உட்காருகிறது, எந்தக் கம்பி அதற்கு வருகிறது என்ற இரண்டும்தான் மழைக்காலம் முடியும்போது எது உயிரோடு இருக்கிறது என்பதைத் தீர்மானிக்கின்றன. எந்த மாடல் ஸ்விட்ச் என்பது அதற்குப் பிறகுதான்.

இடத்திலிருந்து தொடங்குவோம். விருந்தினர் அறைக்குள் இருக்கும் பிளக்கிலிருந்து ஸ்விட்சுக்குக் கரண்ட் எடுக்காதீர்கள். போனைச் சார்ஜ் போட இடமில்லை என்று யாராவது கட்டாயம் பிடுங்குவார்கள். ஊட்டிக் குளிரில் 2 கிலோவாட் ரூம் ஹீட்டரும் கீசரும் சேர்ந்து ஓடி அறையின் எம்சிபி (லோடு கூடினால் தானே விழும் பிரேக்கர்) விழுந்தால் மற்ற காட்டேஜ்களின் வைஃபையும் கூடவே விழும். ஸ்விட்சுக்குத் தனி லைன், தனி எம்சிபி வேண்டும். பரணில் வைக்கலாம் என்று தோன்றும். தகரக் கூரைக்கு அடியில் பகலில் சூடு, இரவில் குளிர், எப்போதும் எலி. கணப்பு அடுப்பின் மேல்தட்டும் வேண்டாம். வராந்தாவின் உள்சுவரில், ஆள் நின்று எட்டும் உயரத்தில், சாரல் அடிக்காத பக்கம் ஒரு பூட்டுப் பெட்டி வைப்பது சரி. வெளியில் வைத்தே ஆக வேண்டுமென்றால் கேபிள்கள் எல்லாம் பெட்டியின் அடிப்பக்கத்திலிருந்து நுழையட்டும். நுழைவதற்கு முன் கேபிள் ஒரு வளைவு கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைப்பது தப்பு. ராத்திரி கரண்ட் போய் ஸ்விட்ச் ஆறினால் உள்ளே இருக்கும் ஈரம் வியர்த்துப் போர்ட்டுக்குள் இறங்கும். சில மாதத்தில் கனெக்டரின் உலோக முனைகளில் பச்சைக் களிம்பு. அடியில் 5 மில்லிமீட்டர் துளை ஒன்று, அதன் மேல் பூச்சி வலை. போதும்.

இனி கம்பி. ஒரே கட்டடத்துக்குள் செம்பு, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர். இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர் என்ற வரம்பு எல்லாருக்கும் தெரியும்: சுவருக்குள் நிலையாகப் போடுவது 90, இரண்டு முனையிலும் பேட்ச் கார்டு எனும் குட்டைக் கேபிள் சேர்த்து 10. சரிவில் இதை அளக்கும்போது ஏமாந்துபோகிறோம். ஜன்னலிலிருந்து பார்த்தால் 60 மீட்டர் போலத் தெரியும் காட்டேஜுக்குப் படிக்கட்டோடு சுற்றி இறங்கினால் 110 ஆகும். கயிறு போட்டு, கேபிள் போகப் போகும் வழியிலேயே அளக்க வேண்டும். தூரம் 100-க்குள் அடங்கினாலும் ஃபைபரே போடச் சொல்வதற்குக் காரணம் இடி. ஏப்ரல், மே கோடை மழையிலும் அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவத்திலும் கோத்தகிரிச் சரிவுகளில் இடி இறங்கும். மேட்டு வீட்டுக்கு ஒரு எர்த், காட்டேஜுக்கு வேறு எர்த். பாறை நிலத்தில் இரண்டுமே சுமார்தான். பக்கத்தில் எங்கோ ஒரு இடி விழுந்தால் போதும், இரண்டு எர்த்துக்கும் நடுவே ஏற்படும் மின்னழுத்த வித்தியாசம் செம்புக் கம்பி வழியாகத்தான் சமன் ஆகப் பார்க்கும். அடையாளம் சுலபம்: ஸ்விட்சில் மற்ற போர்ட்டுகள் நன்றாக இருக்க, நீளக் கேபிள் மாட்டிய போர்ட் மட்டும் செத்திருக்கும். அல்லது சாகாமல் 10 எம்பிபிஎஸ்ஸில் முனகிக்கொண்டிருக்கும். இது இன்னும் மோசம், ஏனென்றால் விளக்கு எரிவதால் யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஏற்கெனவே செம்பு புதைத்தாகிவிட்டது, மாற்ற வழியில்லை என்றால் இரண்டு முனையிலும் ஆர்ஜே 45 சர்ஜ் ப்ரொடெக்டர் (லேன் கேபிளில் வரும் திடீர் மின் எழுச்சியை எர்த்துக்குத் திருப்பும் டப்பா) போட்டு, அந்தந்தக் கட்டடத்தின் எர்த்தில் குட்டையான தடித்த வயரால் கட்டுங்கள். எர்த் கட்டாத ப்ரொடெக்டர் வெறும் டப்பா. ஷீல்டு (உள்ளே உலோக உறை) உள்ள கேபிள் என்றால் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யவும். இரண்டு பக்கமும் செய்தால் இடிக்கு நாமே பாலம் போட்டுக் கொடுத்தது போல.

ஃபைபர் என்றதும் பெரிய செலவு என்று பயப்பட வேண்டாம். வீட்டு இணைப்புக்கு வருகிற அதே ஒல்லியான டிராப் கேபிள், சிங்கிள் மோட், இரண்டு முனையிலும் எஸ்சி கனெக்டர். ஒவ்வொரு முனைக்கும் ஒரு மீடியா கன்வெர்ட்டர், அதாவது ஃபைபரின் ஒளியைச் செம்புக் கம்பிக்கு மாற்றிக் கொடுக்கும் பெட்டி. ஒற்றை இழை கன்வெர்ட்டர்கள் ஜோடியாகத்தான் வேலை செய்யும். ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-ல் வாங்கும். மற்றது அதற்கு நேர்மாறு. பெட்டியில் ஏ, பி என்று போட்டிருக்கும். கடையில் இரண்டு 'ஏ' கொடுத்துவிட்டால் எத்தனை முறை மாற்றி மாற்றிக் குத்தினாலும் லிங்க் விளக்கு எரியாது. ஒரு பக்கம் 10/100, மறுபக்கம் கிகாபிட் என்று கலந்தாலும் அதே கதை. முனை போட, ஊரில் ஸ்ப்ளைசிங் மெஷின் (ஃபைபர் இழையை ஒட்டும் கருவி) வைத்திருக்கும் கேபிள்காரரைக் கூப்பிட்டால் அரை நாள் வேலை. கேபிளை வளைக்கும்போது சுருள் ஒரு டீ சாஸரை விடச் சின்னதாகக் கூடாது. கனெக்டர் முனையை விரலால் தொடக் கூடாது. தொட்டால் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் ஒரே திசையில் துடைக்கவும். தேவை ஒரு இழையே ஆனாலும் நான்கு இழை கேபிளை இழுத்துவிடுங்கள். பள்ளம் தோண்டும் கூலிக்கு முன்னால் கூடுதல் இழையின் விலை ஒன்றுமில்லை.

ஒரு சின்ன விஷயம் பலர் தவறவிடுவது: டிராப் கேபிளோடு ஓடும் இரும்புத் தாங்கு கம்பி. இடிக்குப் பயந்து ஃபைபர் போட்டுவிட்டு அந்த இரும்பைப் பெட்டிவரை கொண்டு வந்தால் என்ன பயன்? கட்டடத்துக்கு வெளியே, கொக்கியோடு அதை வெட்டி நிறுத்திவிட வேண்டும்.

மேலே தொங்கவிடுவதா, புதைப்பதா என்றால் புதைப்பதற்கே எங்கள் ஓட்டு. தொங்கும் கேபிள் குரங்குக்கு ஊஞ்சல். காட்டெருமை வந்து போகும் பாதையில் ஆள் உயரத்தில் தொங்கினால் கொம்பில் மாட்டிக்கொண்டு போகும். நாலு மீட்டருக்குக் குறையாமல் கட்ட வேண்டும், இலை லாரி போகும் வழி என்றால் ஆறு. சில்வர் ஓக்கில் கட்டினால் தென்மேற்குக் காற்றில் மரம் ஆடும் அளவுக்குத் தளர்வு விட்டுக் கட்டுங்கள். சாம்பல் நிற உள்வேலைக் கேபிளை வெளியே விட்டால் இந்த உயரத்து வெயிலில் தோல் வெடித்துவிடும்; வெளியே கறுப்பு பாலிஎத்திலீன் உறை மட்டுமே.

புதைப்பதென்றால் 32 மில்லிமீட்டர் ஹெச்டிபிஇ குழாய், ஒன்றரை அடி ஆழம். தேயிலைச் செடிக்குள் வேண்டாம், உரம் போடக் கொத்தும்போது மாட்டும். படிக்கட்டின் ஓரமாக, ஆனால் வடிகாலுக்குள் இல்லாமல். முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் கிளறும் இடமானால் மேலே ஒரு வரிசை கல் பரப்புங்கள். இங்கே ஒன்றை மறக்கக் கூடாது: சரிவில் போட்ட குழாய் எதுவாக இருந்தாலும் அது தண்ணீர்க் குழாய்தான். மேல் முனையில் நுழையும் மழை நேராகக் காட்டேஜ் சுவருக்குள் கொட்டும், ஸ்விட்சின் தலைமேலேயே. மேல் முனையை ஃபோம் அடித்து அடைத்து, கீழே சுவருக்குள் நுழைவதற்கு ஒரு அடி முன்னால் குழாயைத் தாழ்வாக வளைத்து, தாழ்ந்த இடத்தில் அடிப்பக்கம் இரண்டு துளை போடவும். கீழ் முனையையும் அடைத்தால் எலி வராது.

கீழே வைக்கும் ஸ்விட்ச் எட்டு போர்ட், கிகாபிட், நான்கு போர்ட்டில் பிஓஇ (நெட் கேபிளிலேயே கரண்டும் அனுப்பும் வசதி) இருந்தால் ஒரே கட்டடமாக ஒட்டியிருக்கும் காட்டேஜ் வரிசைக்குத் தாராளம். 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் விலை குறைவு என்று வாங்கினால் ஸ்பீட் டெஸ்டில் 94-ஐத் தாண்டாது. பிஓஇயில் பார்க்க வேண்டியது போர்ட் எண்ணிக்கையை அல்ல, மொத்த வாட்டை. 802.3ஏஎஃப் வகையில் போர்ட்டிலிருந்து 15.4 வாட் கிளம்பி முனையில் 12.95 வாட் கிடைக்கும், 802.3ஏடி என்றால் 30-ம் 25.5-ம். 12 வாட் இழுக்கும் மூன்று ஏபி, கேமரா ஒன்று. பகலில் 40 வாட்டுக்குள் அடங்கும். இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும். மொத்தம் 40 வாட்தான் தரும் ஸ்விட்ச் என்றால் அந்த நேரம் பார்த்து ஒரு போர்ட்டை அணைத்துவிடும். "சாயங்காலம் ஆனா மூணாவது காட்டேஜ்ல நெட் போயிடுது சார்" என்று சொன்னால் ஏபியைக் கழற்றுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். தேவையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வாட் இருக்கட்டும்.

சில ஏபிகளோடு 24 வோல்ட் பாஸிவ் இன்ஜெக்டர், அதாவது கேபிளில் நேராகக் கரண்ட் ஏற்றும் பெட்டி, வரும். 80 மீட்டர் கேபிளில் அரை ஆம்பியர் ஓடினால் நல்ல செம்பில்கூட 3.75 வோல்ட் அளவுக்குக் கம்பியே விழுங்கிவிடும். முனையில் 20 சொச்சம். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் என்றால் இழப்பு 6 வோல்ட்டை நெருங்கும், ஏபி தானாக அணைந்து அணைந்து எரியும். அதே 12 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் கால் ஆம்பியர்தான் ஓடும், இழப்பு 2 வோல்ட்டுக்குள். கேபிள் வாங்கும்போது ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்; பெட்டியில் கேட் 6 என்று எவ்வளவு பெரிதாக அச்சிட்டிருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். பாஸிவ் இன்ஜெக்டரைச் சாதாரண லேப்டாப்பிலோ ஸ்விட்சிலோ குத்திவிடாதீர்கள். அது யாரையும் கேட்காமல் கரண்ட் தள்ளும், போர்ட் போய்விடும்.

செம்புக் கேபிளுக்குக் கனெக்டர் மாட்டும் (க்ரிம்பிங்) நிற வரிசை இரண்டு முனையிலும் ஒன்றே: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. நிறம் எப்படி இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்தால் சரி என்று நினைத்து வரிசையாக ஜோடி ஜோடியாக வைப்பவர்கள் உண்டு. டெஸ்டரில் எட்டு விளக்கும் அழகாக எரியும். ஆனால் மூன்றாம், ஆறாம் பின்களுக்கு ஒரே முறுக்கில் வந்த ஜோடி போக வேண்டும். போகாவிட்டால் குட்டைக் கேபிளில் தப்பிக்கும், 40 மீட்டரில் தடுமாறும். இருநூறு ரூபாய் டெஸ்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. முறுக்கைப் பிரிப்பது அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

செட்டிங் பக்கம் வருவோம். மேட்டு வீட்டு ரௌட்டரின் ஏதாவது ஒரு லேன் (உள் நெட்வொர்க்) போர்ட்டிலிருந்து கன்வெர்ட்டர், கீழே கன்வெர்ட்டரிலிருந்து ஸ்விட்சின் எந்தப் போர்ட்டுக்கு வேண்டுமானாலும். சாதாரண ஸ்விட்சில் செட் பண்ண எதுவும் கிடையாது. தகராறு எல்லாம் ஏபி இடத்தில் பழைய ரௌட்டரை வைக்கும்போதுதான். அதை நெட்வொர்க்கில் மாட்டும் முன், லேப்டாப்போடு தனியாக இணைத்து, முதலில் அதன் லேன் முகவரியை மாற்றுங்கள்: மேலே இருப்பது 192.168.1.1 என்றால் இது 192.168.1.2. புதிய முகவரியில் திரும்ப நுழைந்து, மற்ற கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணையுங்கள். கேபிளை லேன் போர்ட்டில் குத்துங்கள். வான் (வெளி இணைப்பு வரும்) போர்ட்டின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நல்லெண்ணத்தோடு யாராவது அதில் மாற்றிக் குத்துவார்கள். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் ஒரே வீட்டில் இரண்டு பேர் முகவரி கொடுப்பார்கள். சிலருக்கு நெட் வரும், சிலருக்கு வராது, ஆஃப் செய்து போட்டால் ஆள் மாறும். வராத போனில் கேட்வே (வெளியே போகும் வாசலான ரௌட்டரின்) முகவரியைப் பாருங்கள். 192.168.1.1 இல்லாமல் வேறு எதுவாவது இருந்தால் குற்றவாளி அதுதான்.

மேலே உள்ள ரௌட்டரில் முகவரி வரம்பை 192.168.1.50 முதல் 249 வரை வைத்தால் 200 பேருக்கு இடம். ஏபி, கேமராவுக்கெல்லாம் 50-க்குக் கீழே நிலையான எண். ஒரு முகவரியைப் பிடித்து வைக்கும் காலம் 24 மணி நேரமாக இருந்தால் காலையில் கிளம்பிப் போனவர்களின் போன் நாளெல்லாம் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். சீசனில் அதை 4 மணி நேரமாகக் குறைக்கவும்.

2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 மட்டும், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். பங்களாவுக்கு 1, முதல் காட்டேஜ் 6, அடுத்தது 11. மேட்டு ரௌட்டரின் 2.4 சக்தியை நடுத்தரத்துக்கு இறக்குங்கள். முழுச் சக்தியில் விட்டால் படியிறங்கி வந்த போன் அந்த ஒற்றைக் கோட்டுச் சிக்னலையே பிடித்துத் தொங்கும், தலைக்கு மேலே ஏபி இருந்தும் மாறாது. பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றும் ஒன்றாக இருந்தால் நடக்கும்போது போன் தானாக மாறிக்கொள்ளும். காட்டேஜுக்குத் தனித்தனிப் பெயர் வைப்பதும் பாவமில்லை; எது படுத்தது என்பது போனிலேயே தெரியும். அலுவலகக் கணினி, கேமரா இருக்கிற நெட்வொர்க்கில் விருந்தினரை விடாமல் ஏபியின் கெஸ்ட் நெட்வொர்க்கை அவர்களுக்குக் கொடுங்கள்.

ஒரு நாள் எல்லாமே ஒரேயடியாக நின்று, ஸ்விட்சின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக வெறிபிடித்தது போல மினுக்கினால் அது லூப், அதாவது கிளம்பிய டேட்டா சுற்றிச் சுற்றி அதே ஸ்விட்சுக்கே திரும்புவது. பெருக்க வந்தவர், தொங்கிக்கொண்டிருந்த கேபிள் முனையைக் காலியான போர்ட்டில் குத்தியிருப்பார், அதன் மறுமுனையும் அதே ஸ்விட்சில் இருக்கும். வேகம் கூடும் என்று இரண்டு ஸ்விட்சுக்கு நடுவே இரண்டு கேபிள் போடுவதும் இதே விளைவு. பழைய மெஷ் பெட்டி (மற்ற பெட்டிகளோடு காற்றிலேயே இணையும் வைஃபை பெட்டி) ஒன்று, காற்றிலும் இணைந்துகொண்டு கம்பியிலும் இணைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத லூப். ஸ்விட்ச் கேபிள்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது மினுக்கல் அடங்குகிறதோ அதுதான். லூப்பைத் தானே தடுக்கும் வசதி உள்ள ஸ்விட்சுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது வீணில்லை.

கரண்ட் போவது மலைக்குப் புதிதல்ல. மேலே ரௌட்டருக்கு மட்டும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் போட்டுவிட்டுக் கீழே நெட் இல்லையே என்றால் எப்படி? ரௌட்டர், மேல் கன்வெர்ட்டர், கீழ் கன்வெர்ட்டர், பிஓஇ ஸ்விட்ச் என்று நான்கும் சேர்ந்த சங்கிலி அது. பிஓஇ ஸ்விட்ச் 48 வோல்ட்டோ அதற்கு மேலோ கேட்கும், மினி யுபிஎஸ் அதற்கு ஆகாது. காட்டேஜ் இன்வெர்ட்டர் லைனில் சேர்க்க வேண்டும். கன்வெர்ட்டரின் அடாப்டர் பெரும்பாலும் 5 வோல்ட், பக்கத்திலேயே கிடக்கும் ரௌட்டர் அடாப்டர் 12 வோல்ட், இரண்டின் முனையும் அச்சு ஒன்று போல. அவசரத்தில் மாற்றிக் குத்தினால் கன்வெர்ட்டர் கருகும். ஒவ்வொரு அடாப்டரின் முனையிலும் வோல்ட்டை எழுதி ஒட்டிவிடுங்கள்.

எந்தப் போர்ட் எங்கே போகிறது, எந்த ஏபிக்கு எந்த எண், ஃபைபரில் எந்த நிற இழை ஓடுகிறது, மீதி மூன்றும் எங்கே சுருட்டி வைத்திருக்கிறது என்பதை ஒரு அட்டையில் எழுதிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். பென்சிலால் எழுதுங்கள். பேனா மை நவம்பர் ஈரத்தில் கரைந்துவிடுகிறது.